கடல் கடந்த பெட்டிகள்

கற்றுத் தேர்ந்தவனுக்கு எந்த நாடும் அயல்நாடு அன்று. ஆகவே வழிப்பயணத்துக்கு அவன் கட்டுச்சோறு சுமக்க வேண்டியதில்லை என்னும் பொருளில் பழமொழி நானூற்றில் ஒரு வெண்பா உண்டு. கட்டுச்சோற்றுக்கு முன்றுறை அரையனார் அங்கே ஆளும் சொல் 'ஆற்றுணா'. ஆறு என்றால் வழி. வழிக்குரிய உணவு ஆற்றுணா. எத்துணை அழகான சொல்! பேச்சிலிருந்தும் எழுத்திலிருந்தும் எப்போதோ அது நழுவிவிட்டது. கல்வியின் பெருமை பேசும் இந்த வெண்பாவை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நமக்குள் ஓர் ஐயம் எழுவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு நம் நாட்டிலிருந்து கடல் கடந்து அயல்நகரங்களுக்குச் சென்ற கற்றோர் மெய்யாகவே வெறுங்கையோடுதான் சென்றார்களா? அவர்களுடைய பெட்டிகளில் என்ன இருந்தது? போய் இறங்கியபின் எது உதவியது, எது உதவவில்லை?

விடை தேடப் புகுந்தால் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அயல்நகரில் என்ன பார்த்தோம் என்று எழுதியவர்கள் பலர். தேம்ஸ் நதியையும் பனிமூட்டத்தையும் அரும்பொருட்காட்சியகத்தையும் பக்கம் பக்கமாக வருணிப்பார்கள். என்ன எடுத்துச் சென்றோம் என்று எழுதியவர்களோ மிகச் சிலர். பெட்டி கட்டுவது வீட்டு வேலை, எழுத்தில் ஏறத் தகுதியில்லாதது என்று கருதியிருக்கலாம். ஆகவே தன்வரலாறுகளிலும் கடிதங்களிலும் நண்பர்களின் நினைவுக் குறிப்புகளிலும் சிந்திக் கிடக்கும் துணுக்குகளைத்தான் நாம் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பெட்டியைப் பற்றிச் சில சொற்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பம்பாயிலிருந்து லண்டன் ஏறத்தாழ மூன்று நான்கு வாரப் பயணமாகச் சுருங்கியது. பயணிகளின் மூட்டைகள் கப்பலில் இருவகையாகப் பிரிக்கப்பட்டன. வழியில் தேவைப்படுபவை அறைக்குச் செல்லும். தேவைப்படாதவை கப்பலின் அடித்தளத்துக்குப் போய்விடும். அறைக்குச் செல்லும் பெட்டி, படுக்கைக்கு அடியில் தள்ளத்தக்க வகையில் உயரம் குறைந்ததாக இருக்க வேண்டும். செங்கடலின் வெம்மைக்கு ஓர் உடை, மத்தியதரைக் கடலைத் தாண்டியபின் வரும் குளிருக்கு வேறோர் உடை. எதை மேலே வைப்பது, எதைக் கீழே அனுப்புவது என்பதைப் புறப்படும் முன்பே தீர்மானித்தாக வேண்டும். பழகிய ஆங்கிலேய அதிகாரிக்கு இவையெல்லாம் கைவந்த கலை. ராஜ்கோட்டிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் புறப்பட்டவனுக்கு?

ராஜ்கோட்டிலிருந்து புறப்பட்டவரை எல்லோரும் அறிவோம். 1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் கப்பலேறியபோது மோகன்தாஸ் காந்திக்கு வயது பதினெட்டு. அன்னையிடம் செய்துகொடுத்த மூன்று சத்தியங்கள் - மதுவும் மாதரும் புலாலும் தீண்டுவதில்லை என்பவை - அவருடன் சென்றன. பம்பாயில் கூடிய சாதிக் கூட்டம் அவரை விலக்கி வைத்தது. அவருக்கு உதவுகிறவர்களும் துறைமுகத்துக்குச் சென்று வழியனுப்புகிறவர்களும் ஒரு ரூபாய் நான்கணா அபராதம் செலுத்த வேண்டும் என்று ஆணையும் பிறந்தது. பயணப் பெட்டியை ஆயத்தம் செய்ய யாரிடம் போய்க் கேட்பது என்பது இத்தகைய சூழலில் எளிய கேள்வி அன்று. விவரம் அறிந்த நண்பர் ஒருவர் உடைகளைத் தைத்து வாங்கிக்கொடுத்தார். கழுத்துப்பட்டையைக் கண்டாலே அன்று தமக்கு வெறுப்பு என்றும், குட்டைக் கோட்டு நாணமற்ற உடையாகத் தோன்றியது என்றும் காந்தி பின்னாளில் தம் தன்வரலாற்றில் எழுதினார். உடைகளோடு இனிப்புகளும் பழங்களும் சென்றன.

கப்பலில் கத்தியையும் முள்கரண்டியையும் பிடிக்கத் தெரியவில்லை. எந்தப் பதார்த்தத்தில் இறைச்சி இல்லை என்று பரிமாறுகிறவரிடம் கேட்கவும் கூச்சம். விளைவு, உணவுக்கூடத்தின் பக்கமே போகாமல் அறைக்குள் அமர்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் உண்டே அவர் பெரும்பாலும் காலம் கழித்தார். முன்றுறை அரையனாருக்கு முதல் மறுப்பு இங்கே கிடைத்துவிடுகிறது.

வழிநெடுகக் கறுப்பு உடை அணிந்தவர், கரையிறங்கும் நாளுக்கென்றே ஒரு வெள்ளை ஃப்ளானல் உடையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இறங்கியது செப்டம்பர் இறுதியில். இங்கிலாந்தில் வெள்ளைக்குரிய பருவம் போய்விட்டிருந்தது. அத்தனை கூட்டத்தில் அவ்வுடையில் நின்றவர் அவர் ஒருவரே. மாற்றிக்கொள்ளலாம் என்றால், மற்றவர்கள் செய்ததைப் பார்த்துத் தம் பெட்டிகளையும் சாவிகளையும் கிரிண்ட்லே முகவர்களிடம் ஒப்படைத்திருந்தார். அன்று சனிக்கிழமை. மறுநாள் பெட்டி வராது. விக்டோரியா விடுதியில் அந்த வெள்ளை உடையோடேயே நாணித் தவித்தார்.

இந்நிகழ்ச்சி மேடைகளில் நகைச்சுவையாகச் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறோம். நமக்கு இதில் நகைக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. செப்டம்பரில் லண்டனில் என்ன உடுப்பார்கள் என்பது ஒரு வரிச் செய்தி. அதை அறிந்தவர்கள் பம்பாயில் இருந்திருப்பார்கள். ஆனால் அது எங்கும் எழுதிவைக்கப்படவில்லை; நகரம் விட்டு நகரம், ஊர் விட்டு ஊர் வந்து சேரவில்லை. இளைஞனின் அறியாமை என்று இதைச் சொல்வதைவிட, ஒரு சமூகத்தின் எழுதாமை என்று சொல்வதே பொருந்தும்.

பம்பாயில் தைத்த உடைகள் லண்டன் சமூகத்துக்கு ஒவ்வாதவை என்று கருதி அவர் புதிதாக வாங்கினார். பத்தொன்பது ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி, பாண்டு தெருவில் பத்துப் பவுனுக்கு மாலை விருந்துடை. பின்னர் அந்தப் பகட்டைக் கைவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்னியில் உணவை முடிக்கும் நிலைக்கு வந்தார். வீட்டிலிருந்து வந்த இனிப்புகளையும் மசாலாக்களையும் தாமே நிறுத்திக்கொண்டார். ஃபாரிங்டன் தெருவின் சைவ உணவகம் அகப்பட்டபின் ஆற்றுணா தேவைப்படவில்லை என்று கொள்ளலாம்.

இதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நாம் பெரிதாக மதிக்கிறோம். தாயகம் திரும்பியபின், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரில் இருந்த 1893-94 அளவில், 'லண்டன் வழிகாட்டி' என்றொரு கைந்நூலை ஆங்கிலத்தில் எழுதினார். இங்கிலாந்துக்கு யார் போகலாம், எவ்வளவு செலவாகும், என்ன உடைகள் வேண்டும், அவற்றின் விலை என்ன, எதை உண்டு வாழலாம் என்று வீட்டுக் கணக்கு எழுதுவதுபோல் எழுதியிருக்கிறார். எதிர்காலத்தில் மகாத்மா ஆகப்போகிறவர் உள்ளாடைகளின் எண்ணிக்கையை எழுதிக்கொண்டிருந்தார் என்பது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். நம் பார்வையில், தனக்கு நேர்ந்தது அடுத்தவனுக்கு நேரக்கூடாது என்ற அக்கறை அந்தப் பட்டியலில் இருக்கிறது. துயரம் என்னவென்றால் அந்நூல் அவர் காலத்தில் அச்சேறவேயில்லை. அவருடைய எழுத்துகள் தொகுதிகளாக வந்தபோதுதான் வெளிச்சம் கண்டது. அதற்குள் அது தேவைப்பட்டவர்கள் போய்த் திரும்பியிருந்தார்கள், அல்லது மறைந்திருந்தார்கள்.

அவர் அதை எழுதிய அதே காலத்தில்தான் சென்னை இளைஞர்கள் ஒரு துறவியைச் சிகாகோவுக்கு அனுப்பிவைத்தார்கள். அளசிங்கப் பெருமாளும் தோழர்களும் வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டியதும், கேத்ரி மன்னர் பட்டாடைக்கும் பயணச்சீட்டுக்கும் ஏற்பாடு செய்ததும் தெரிந்த கதை. 1893 மே 31-ஆம் நாள் பம்பாயில் கப்பலேறினார் விவேகானந்தர். கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான் வழியாக வான்கூவர் சேர்ந்து, அங்கிருந்து ரயிலில் சிகாகோ. தண்டும் கமண்டலமும் மட்டுமே பொருளாகத் திரிந்தவருக்கு இப்போது பெட்டிகளைக் காப்பதே வேலையாயிற்று. ஆயினும் அப்பெட்டிகளில் இருக்க வேண்டியது இல்லை. கோடையில்தானே போகிறார் என்று எண்ணிவிட்டார்கள் போலும். வடபசிபிக்கைக் கடக்கையில் கம்பளி உடையின்றிக் குளிரில் வருந்தியதை அவர் அளசிங்கருக்கே கடிதத்தில் எழுதினார். திருவல்லிக்கேணியில் அமர்ந்துகொண்டு ஜூலை மாதத்துக் கடலொன்று குளிரும் என்று கற்பனை செய்வது யாருக்குத்தான் எளிது?

கம்பளியாவது வாங்கிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய குறையொன்று இருந்தது. சர்வசமயப் பேரவையில் பேச அமைப்பு ஒன்றின் அறிமுகச் சான்று வேண்டும். அது பெட்டியில் இல்லை. தேவைப்படும் என்று இங்கே யாருக்கும் தோன்றவில்லை. முதல் உலகப் போருக்கு முன்னர் கடவுச்சீட்டு இன்றைய அளவுக்குக் கட்டாயமாக இருக்கவில்லை. இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டமே 1920-இல்தான் வந்தது. அதன் இடத்தில் நின்றவை அறிமுகக் கடிதங்கள். காந்தி அப்படி நான்கு கடிதங்களோடு போனார். விவேகானந்தருக்கோ ஹார்வர்டுப் பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் அங்கேயே எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அக்கடிதத்தோடு சிகாகோ திரும்பியவர் குழுவின் முகவரிச் சீட்டைத் தொலைத்துவிட்டு, அன்றிரவு ரயில் நிலையத்துச் சரக்குப் பகுதியில் படுத்துறங்கினார். செப்டம்பர் 11 அன்று பேரவை தொடங்கியதும் நடந்ததை நாடறியும். அந்த உரைக்கும் நமக்கும் இடையே ஒரு துண்டுச் சீட்டு இருந்தது என்பதை நாடு அவ்வளவாக நினைப்பதில்லை.

பெட்டியின் உள்ளே இருப்பதல்ல, மேலே எழுதியிருப்பதே இடராக முடிந்ததும் உண்டு. பயணிகள் தம் பெட்டிகளின்மேல் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்துக்கொள்வது அக்கால வழக்கம். சட்டம் பயிலச் சென்ற வ.வே.சு. ஐயர் 1910-இல் லண்டனிலிருந்து மாறுவேடத்தில் தப்பியபோது அவர் பெட்டியில் வ.வே.சு. என்பதற்குரிய மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தனவாம். ஐயுற்ற ஒற்றரிடம் தம் பெயர் வீர விக்கிரம சிங் என்று சொல்லித் தப்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தமிழ்ச் சிறுகதைக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர், மூன்று எழுத்துகளை வைத்துக்கொண்டு நின்ற நிலையில் ஒரு கதாபாத்திரத்தைப் படைத்தார் என்று சொல்லலாமல்லவா! அவ்வாண்டே அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

இனி நாம் சொல்ல வந்த முதன்மையான பெட்டிக்கு வருவோம்.

1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்தில் நெவாசா என்னும் கப்பலில் ஏறினார் சீனிவாச ராமானுஜன். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும் வழிச்செலவும் வழங்கியிருந்தது. புறப்பாட்டுக்கு முன் அவர் குடுமி நீக்கப்பட்டது. கணிதப் பேராசிரியர் லிட்டில்ஹெய்ல்ஸ் தம் மோட்டார் சைக்கிளின் பக்கப்பெட்டியில் அவரை அமர்த்திக் கடைகடையாக அழைத்துச்சென்று காலர், கழுத்துப்பட்டை, காலுறை, சட்டை என்று வாங்கிக்கொடுத்தார். கப்பலில் சைவ உணவு கிடைப்பதற்குத் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஏற்பாடு செய்தார். உண்மையான அன்போடு செய்யப்பட்ட ஏற்பாடுகள் இவை; அந்த ஆங்கிலேயர்களை நாம் குறைசொல்ல மாட்டோம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாயார் கோமளத்தம்மாளும் மனைவி ஜானகியும் சில நாட்களுக்கு முன்பே கும்பகோணத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். குடுமியற்ற தலையையும் ஐரோப்பிய உடையையும் அவர்கள் காணக்கூடாது என்பது எண்ணம். அதாவது, ஓர் ஐயங்கார் வீட்டுப் பிள்ளை ஆண்டுக்கணக்கில் உயிர் தரித்திருக்க என்னென்ன வேண்டும் என்பதை அறிந்த இருவர், பெட்டி மூடப்பட்ட நேரத்தில் அங்கே இல்லை. நமக்குக் கிடைக்கும் செய்திகளிலும் காலர் இருக்கிறது, காலுறை இருக்கிறது. உணவைப் பற்றிய பேச்சு கப்பல் சமையலோடு நின்றுவிடுகிறது. நான்கு வாரத்துக்கு ஆற்றுணா; அதன் பிறகு?

ஏப்ரல் 14 அன்று லண்டன் சேர்ந்தார். சில நாட்களில் கேம்பிரிட்ஜ் சென்று பேராசிரியர் நெவிலின் வீட்டில் தங்கி, பின்னர் டிரினிட்டி கல்லூரி அறைக்கு மாறினார். வாங்கிக்கொடுத்த உடைமைகளில் காலணி முதலில் தோற்றது. இருபத்தாறு ஆண்டுகள் கட்டுண்டறியாத பாதங்களுக்கு அது வதையாக இருந்ததென நெவில் நினைவுகூர்கிறார். அறைக்குள் செருப்பே துணையாயிற்று. குளிர் அடுத்த தொல்லை. மேலங்கியும் சால்வையும் போர்த்துக்கொண்டும் இரவில் நடுங்குவதாக அவர் சொல்ல, அப்போது கேம்பிரிட்ஜில் பயின்ற மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கம்பளங்கள் இருந்தன. மெத்தைக்கடியில் ஓரங்கள் இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி இடையில் புகுந்து படுக்க வேண்டும் என்பதை அறியாமல் எல்லாவற்றுக்கும் மேலே படுத்திருந்தார் ராமானுஜன். இதுவும் மேடையில் கைதட்டல் வாங்கும் கதை. பாயை விரித்துப் படுத்து, போர்வையை மேலே இழுத்துக்கொள்ளும் நாட்டிலிருந்து வந்தவனுக்கு, கட்டிலோடு சேர்த்துக் கட்டப்பட்ட போர்வை போர்வையாகவே தோன்றாது. வெள்ளை ஃப்ளானல் போல இதுவும் ஒரு வரிச் செய்தி. இருபத்தாறு ஆண்டு கழிந்தும் அது யார் பெட்டியிலும் ஏறவில்லை.

தாயகத்து நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில், ஏதேனும் அனுப்ப விரும்பினால் கொட்டை நீக்கிய புளியும் நல்ல தேங்காயெண்ணெயும் போதும் என்ற கருத்துப்பட ராமானுஜன் எழுதினார். எண்களின் முடிவிலியில் உலவியவர் கேட்ட பொருள்களைப் பாருங்கள். கோட்டு கேட்கவில்லை, தொப்பி கேட்கவில்லை. கொட்டை நீக்கிய என்ற குறிப்பில் அஞ்சல் எடையின் கணக்கும் இருக்கிறது, தாமே சமைத்துக்கொள்ளும் தனியன் ஒருவனின் நேரக் கணக்கும் இருக்கிறது.

அந்த ஆகஸ்டிலேயே போர் மூண்டது. கடல்வழி அஞ்சல் நிச்சயமற்றதாயிற்று. காய்கனிகளும் பாலும் அருகத் தொடங்கின. கல்லூரிக் கூடத்தில் எல்லோரோடும் அமர்ந்து உண்ண அவருக்கு இயலவில்லை. அறையில் தாமே சமைத்தார். வேலையில் ஆழ்ந்துவிட்டால் அதுவும் தவறியது. பிறகொரு கடிதத்தில் தொனி மாறிவிடுகிறது. சுவையற்ற உணவில் சுவை காணப் பழகிவிட்டதாகவும், வெறும் சோறும் சிறிது உப்பும் எலுமிச்சைச் சாறும் இருந்தால் எத்தனை காலமும் வாழ முடியும் என்றும் எழுதுகிறார். ஊரிலுள்ளோர் கவலைப்படக்கூடாது என்பதற்காக எழுதிய வரிகளாகவே இவற்றை நாம் படிக்கிறோம். 1917-இல் நோயுற்றார். மருத்துவமனை மாறி மருத்துவமனை. அங்கும் உணவுப் பிணக்கு. 1919-இல் திரும்பினார், 1920 ஏப்ரல் 26 அன்று மறைந்தார். உணவுக் குறைதான் அவரைக் கொன்றது என்று சொல்லிவிட நாம் துணியவில்லை. காசநோய் என்றே அன்று மருத்துவம் செய்தார்கள். ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-இல் மருத்துவர் யங் ஆராய்ந்து எழுதினார். எந்த நோயாயினும் அதை எதிர்கொண்ட உடம்பு ஆண்டுக்கணக்கில் சரியாக உண்ணாத உடம்பு என்பதில் ஐயமில்லை. அந்த நூற்றாண்டில் இவரினும் கற்றார் யார்? ஆற்றுணா வேண்டியிருந்தது.

காந்தியடிகள் 1931-இல் மீண்டும் லண்டன் சென்றார், இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்காக. ஆகஸ்ட் 29 அன்று பம்பாயில் புறப்பட்ட ராஜபுதனா கப்பலில், உடன்வந்தோர் கொண்டுவந்திருந்த பெட்டிகளைக் கண்டு அவருக்குச் சினம் மூண்டது. லண்டன் குளிர் கடுமையாயிற்றே என்று அன்பர்கள் அள்ளிக் கொடுத்திருந்தவை. ஏழை நாட்டின் பிரதிநிதிகள் இத்தனை மூட்டைகளோடு போவதா என்று கடிந்து, வேண்டாதவற்றைப் பிரித்தெடுக்கச் செய்து ஏடன் துறையிலிருந்தே திருப்பி அனுப்பவைத்தார். முதற்பயணத்தில் எதை எடுத்துப்போவது என்று அறியாமல் திகைத்தவருக்கு இப்போது எதை விட்டுப்போவது என்பதில் திகைப்பே இல்லை.

செப்டம்பர் 11 அன்று மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் சுங்க அதிகாரி, அறிவிக்க வேண்டிய பொருள் ஏதும் உண்டா என்று கேட்டார். காந்தி சொன்ன பட்டியலை இதழ்கள் வெளியிட்டன: ஆறு இராட்டைகள், சிறையில் உண்ணப் பயன்படுத்திய தட்டுகள், ஒரு கலத்தில் ஆட்டுப்பால், கையால் நெய்த ஆறு அரையாடைகளும் துண்டுகளும், பெரிதாக விலைபெறாத தம் பெயர். மறுநாள் அவற்றோடு லண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழைகள் நடுவே இருந்த கிங்ஸ்லி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அதுவும் செப்டம்பர்தான்; இம்முறையும் அக்கூட்டத்தில் அவ்வுடையில் நின்றவர் அவர் ஒருவரே.